பாறை அடுக்கைப் படித்தால் பாதை தெரியும்: தெற்கு யூட்டாவின் மணற்கல் பள்ளத்தாக்குகளில் நடக்க ஒரு கையேடு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஜயான் தேசியப் பூங்காவில் ஷட்டில் பேருந்து கடைசியாக நிற்கும் இடம் டெம்பிள் ஆஃப் சினவாவா. (தமிழ் விவிலியத்தில் சீயோன் என்று வரும் பெயர்தான் இந்த ஜயான், இங்கே குடியேறிய மார்மன்கள் வைத்தது.) அதுவரை அகன்று கிடந்த பள்ளத்தாக்கு அங்கிருந்து வடக்கே ஒடுங்கத் தொடங்கும். இன்னும் சில கிலோமீட்டர் போனால் வர்ஜின் ஆறு சுவருக்குச் சுவர் ஓடும். கால் வைக்கக் கரை இருக்காது, இருபுறமும் 300 மீட்டர் செங்குத்துப் பாறைதான். ‘நேரோஸ்’ என்று எல்லோரும் சொல்லும் இடம் இதுதான்.

ஆறு ஒன்றுதான். அப்படியிருக்க ஓரிடத்தில் அகலமாகவும் இன்னோரிடத்தில் இடுக்காகவும் பள்ளத்தாக்கு ஏன் மாற வேண்டும்? அகன்ற பகுதியில் ஆறு தடித்த நவாஹோ மணற்கல்லை முழுக்க அறுத்து முடித்து, அதற்கு அடியில் உள்ள மென்மையான கயென்டா அடுக்கைத் தொட்டுவிட்டது. கயென்டா அரிபடும்போது மேலே நிற்கும் சுவர் பிடிமானம் இழந்து பாளம் பாளமாகச் சரிகிறது, பள்ளத்தாக்கு அகன்றுகொண்டே போகிறது. வடக்கே கயென்டா இன்னும் ஆற்றுப் படுகைக்குக் கீழேதான் இருக்கிறது. அங்கே ஆறு நவாஹோவுக்குள்ளேயே ரம்பம் போல நேர்கீழாக அறுத்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பகுதியில் நடக்கப் போகிறவர் முதலில் கற்க வேண்டியது இதுதான். தண்ணீர் எங்கே கிடைக்கும், எங்கே ஏறித் தப்பலாம், எந்த இடத்தில் வெள்ளம் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்ற கேள்விகளுக்கெல்லாம் நீங்கள் எந்த அடுக்கில் நிற்கிறீர்கள் என்பதே பாதி விடை. கைப்பேசிச் செயலி காட்டும் நீலக்கோடு இதைச் சொல்லாது.

கீழிருந்து மேலாக நான்கு அடுக்குகள்

இந்தப் பள்ளத்தாக்குகள் இருக்கும் கொலராடோ பீடபூமியில் பெயருள்ள அடுக்குகள் பல டஜன் உண்டு. யூட்டாவின் எஸ்கலான்டே, கேப்பிட்டல் ரீஃப், மோவாப் பக்கம் நடப்பவருக்கு நான்கு போதும்: சின்லி, விங்கேட், கயென்டா, நவாஹோ. ஜயானில் விங்கேட் கிடையாது, அந்த இடத்தில் மோயனேவ் என்ற வேறொரு அடுக்கு இருக்கும். மற்றபடி வரிசை இதேதான்.

அடியில் இருப்பது சின்லி. சாம்பல், ஊதா, வெளிர்பச்சை என்று பட்டை பட்டையாகச் சரிந்து கிடக்கும் களிமண் சரிவுகள் கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் சின்லிதான். பழைய எரிமலைச் சாம்பல் மக்கி உண்டான பெண்டோனைட் களிமண் இதில் நிறைய உண்டு. ஈரம் பட்டால் ஊதிப் பெருத்து, காய்ந்தால் சுருங்கி வெடிப்பதால் மேற்பரப்பு பொரியைக் கொட்டிவைத்தது போல இருக்கும். மழை பெய்தால் இதன் மீது காரும் ஏறாது, காலும் நிற்காது. களிமண்ணில் வெட்டிய சாலை நனைந்துவிட்டால் நான்கு சக்கர இயக்கமும் கைகொடுக்காது. டயரின் பள்ளங்களில் களி அப்பிக்கொண்டு சக்கரம் வழவழப்பான உருளையாகிவிடும். வெயிலில் சாலை காயும் வரை காத்திருப்பதுதான் வழி. வண்டியில் ஒரு நாளுக்கான உபரி உணவும் பத்து லிட்டர் தண்ணீரும் கிடக்க வேண்டியது இதற்காகத்தான்.

அதற்கு மேல் விங்கேட். செம்பழுப்பு நிறத்தில், மேலிருந்து கீழ்வரை நெடுக்கு விரிசல்களோடு, மதில் போல நிற்கும். பல இடங்களில் 90 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாகவே இருப்பதால் கயிறு இல்லாதவருக்கு இது மூடிய கதவு. கதவு திறக்கும் இடங்கள் மிகச் சில: மதிலின் ஒரு பகுதி இடிந்து, கற்குவியல் சரிவாகக் கீழ்வரை இறங்கியிருக்கும் இடங்கள். வரைபடத்தில் சமவுயரக் கோடுகள் ஒட்டி ஒட்டி ஓடிவந்து திடீரென ஓரிடத்தில் விலகுவதைத் தேடுங்கள். பழைய பாதைகள் அங்கேதான் ஏறும்.

விங்கேட்டின் தலையில் கயென்டா. இது ஆறுகள் கொண்டுவந்து போட்ட மணலும் வண்டலும். மெல்லிய அடுக்குகளாக இருப்பதால் படிப்படியாக உடைந்து திண்ணைகள் உண்டாகும். நடப்பவருக்கு நண்பன் இந்த அடுக்குதான். மேலேயும் கீழேயும் மதில் நிற்க, நடுவே கயென்டாத் திண்ணை மட்டும் பள்ளத்தாக்கின் விளிம்பைச் சுற்றிக் கிலோமீட்டர் கணக்கில் ஓடும். வழி தவறியவர் செய்யும் பெரிய பிழை, திண்ணையை விட்டுவிட்டு நேரே கீழே இறங்கப் பார்ப்பது. கீழே இருப்பது விங்கேட் என்று தெரிந்தவர் அதைச் செய்ய மாட்டார்.

உச்சியில் நவாஹோ. சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் தொடக்கத்தில், இன்றைய சகாராவோடு ஒப்பிடத்தக்க மணற்கடல் ஒன்று இங்கே விரிந்திருந்தது. அந்த மணற்குன்றுகள் புதைந்து, சுண்ணமும் இரும்பு ஆக்சைடும் பசையாகி இறுகியதே இந்தக் கல். ஜயானில் இதன் தடிமன் 600 மீட்டரைத் தாண்டுகிறது. சுவரில் சாய்கோடுகள் ஓடிவந்து, ஒரு கிடைக்கோட்டில் வெட்டுப்பட்டு, அதற்கு மேல் வேறு கோணத்தில் புதிதாகத் தொடங்குவதைப் பார்க்கலாம். ஒவ்வொரு சாய்கோடும் ஒரு குன்றின் காற்று மறைவுப் பக்கம் மணல் சரிந்து விழுந்த முகம். கோடு எந்தப் பக்கம் கீழே இறங்குகிறதோ அந்தப் பக்கம்தான் அன்று காற்று போனது.

அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சாய்கோடுகளின் விளிம்புகள் உங்களுக்கு எதிராக நீட்டிக்கொண்டிருந்தால் அவை விரல் தடிமனுக்கு ஓடும் படிகள், ஷூ நன்றாகப் பிடிக்கும். அதே கோடுகள் நீங்கள் நடக்கும் சரிவின் போக்கிலேயே சாய்ந்திருந்தால் பாறை ஓடு ஓடாக உரியும், காலோடு சேர்ந்து வரும். ஒரே குன்றின் இரண்டு பக்கங்களில் ஒன்று ஏறத் தகுந்ததாகவும் மற்றது ஆபத்தாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தண்ணீர் கசியும் கோடு

நவாஹோவின் மணல்மணிகளுக்கு இடையே வெற்றிடம் நிறைய. மழைநீரும் பனிநீரும் அதற்குள் மெல்ல இறங்கும். கயென்டாவில் உள்ள வண்டல் பட்டைகள் அந்த நீரைக் கீழே விடாது. எனவே நீர் பக்கவாட்டில் நகர்ந்து, இரண்டு அடுக்கும் சந்திக்கும் கோட்டில் சுவரை விட்டு வெளியே கசியும். ஜயானின் ‘வீப்பிங் ராக்’ இப்படிப்பட்ட கசிவுதான். எஸ்கலான்டே பக்கம் கயோட்டி கல்ச் என்ற பள்ளத்தாக்கில் சுவரிலிருந்து கொட்டும் நல்ல ஊற்றுகளையும் இந்தச் சந்திப்பின் அருகில்தான் தேட வேண்டும்.

தூரத்திலிருந்து இதைக் கண்டுபிடிக்க மூன்று அடையாளங்கள் உண்டு. சுவரின் குறுக்கே கருத்த ஈரக்கோடு, அதன் ஓரத்தில் வெள்ளை உப்புப் பூப்பு. அந்தக் கோட்டில் தொங்கும் பச்சை, குறிப்பாக மயிர்த்தண்டுப் பெரணி. கீழே படுகையில் காட்டன்வுட் மரங்கள். ஆனால் காட்டன்வுட் இருந்தால் நீர் உண்டு என்றுதான் பொருள், மேலே தெரியும் என்று பொருளல்ல. அதன் வேர் மணலுக்கு அடியில் குடித்துக்கொண்டிருக்கலாம். ஈரமான இடங்களில் மூன்றிலைக் கொத்தாக நிற்கும் செடியைத் தொடாதீர்கள், அது பாய்சன் ஐவி. அரிப்பும் கொப்புளமும் வாரக்கணக்கில் படுத்தும்.

பாறைச் சுனைகளை நம்பித் திட்டம் போடக் கூடாது. மழைக்குப் பின் நிரம்பியிருக்கும், பத்து நாளில் வற்றியிருக்கும். சன்ஸ்கிரீன் பூசிய கையை அதில் விட்டு முகம் கழுவாதீர்கள். அதில் நீந்தும் சிற்றிறால்களின் வாழ்நாள் முழுவதும் அந்தக் குட்டையில்தான். குடிக்க வேண்டுமென்றால் கோப்பையால் மொண்டு தள்ளி வைத்து வடிகட்டுங்கள். கடைசிக் கோப்பையை விட்டுவிடுங்கள்.

சுமக்க வேண்டிய அளவு: ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். கோடையில் நிழலற்ற பாறையில் நடந்தால் அதற்கும் மேல். வெறும் நீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. வியர்வையில் போன உப்பு திரும்பாவிட்டால் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். பலர் அதை நீரிழப்பு என்று நினைத்து இன்னும் நீர் குடித்து மோசமாக்கிக்கொள்வார்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு, உப்புப் போட்ட கடலை ஒரு பை. எடை குறைவு, பலன் பெரிது.

பரியா போன்ற ஆறுகளின் நீர் கலங்கல் சாந்து மாதிரி இருக்கும். நேராக வடிகட்டியில் ஊற்றினால் ஒரு லிட்டருக்குள் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மடக்கு வாளி ஒன்றில் இரவு முழுக்கத் தெளிய விடுங்கள். அவசரம் என்றால் ஒரு சிட்டிகை படிகாரத் தூளைக் கலக்கி அரைமணி நேரம் வையுங்கள். நம் ஊரில் தேற்றாங்கொட்டையைப் பானையில் உரைத்துச் செய்ததும் இதே வேலைதான்: நுண்வண்டல் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் வடிகட்டியில் ஊற்றுங்கள். வர்ஜின் ஆற்று நீருக்கு இது எதுவும் போதாது. அங்கே நச்சு உண்டாக்கும் சயனோபாக்டீரியா (நீலப்பச்சைப் பாசி) இருப்பதாகப் பூங்கா எச்சரித்திருக்கிறது, கைவடிகட்டி அந்த நச்சை நீக்காது. நேரோஸ் போகிறவர் குடிநீரைச் சுமந்தே போக வேண்டும், ஆற்றில் தலையை முக்கக் கூடாது.

காட்டாறு

இந்த நிலத்தில் மணற்கல் தரையின் மேல் மண் மிகக் குறைவு. பாறையில் வெற்றிடம் உண்டு என்றாலும் அது நீரை உறிஞ்சும் வேகம் மெல்லியது. இடிமழை கொட்டும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. விழுந்த நீர் அப்படியே வழிந்து பக்கத்து இடுக்குக்குள் பாயும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் 25 மி.மீ. மழை. மொத்தம் இரண்டரை லட்சம் கனமீட்டர் நீர். பாதி மண்ணிலும் பாறையிலும் போனதென்று வைத்துக்கொண்டு, மீதிப் பாதி ஒரு மணி நேரத்தில் வடிந்தால் வினாடிக்குச் சுமார் 35 கனமீட்டர், அதாவது 1,200 கன அடிக்கு மேல். மேட்டூர் அணைச் செய்திகளைப் படித்துப் பழகியவருக்கு 1,200 கன அடி ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் அங்கே காவிரி அகன்று கிடக்கிறது, இங்கே பாதை மூன்று மீட்டர் அகலம். நீர் வினாடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் ஓடினால் ஆழம் கிட்டத்தட்ட நான்கு மீட்டர். அதில் மரத்தடிகளும் பாறைகளும் சேர்ந்து வரும். ஜயான் பூங்கா நேரோஸை மூடுவதற்கு வைத்திருக்கும் வரம்பு வெறும் 150 கன அடி.

மழை உங்கள் தலைக்கு மேல் பெய்ய வேண்டியதில்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் லோயர் ஆன்டிலோப் கேன்யனில் 11 பேர் இறந்தார்கள். மழை பெய்தது பல கிலோமீட்டர் மேலே. 2015 செப்டம்பர் 14 அன்று ஜயானின் கீஹோல் கேன்யனில் ஏழு பேர் கொண்ட குழு முழுவதும் மாண்டது. கீஹோல் குட்டையான இடுக்கு, சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ‘சின்ன கேன்யன்தானே, மழைக்குள் முடித்துவிடலாம்’ என்ற கணக்கு அதனால்தான் ஆபத்தானது.

ஜூலை முதல் செப்டம்பர் நடு வரை மெக்சிகோ பக்கமிருந்து ஈரக்காற்று ஏறி வரும் பருவம். பிற்பகலில் இடிமேகம் திரளும். இடுக்குகளுக்கு நல்ல காலம் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை, பிறகு செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். வர்ஜின் ஆற்றில் மட்டும் வசந்தத்தில் பனி உருகிய நீர் பெருகியிருக்கும். அந்த மாதங்களில் நேரோஸ் வாரக்கணக்கில் மூடிக் கிடப்பதுண்டு.

புறப்படுமுன் செய்ய வேண்டியது இது:

1. வரைபடத்தை விரித்து உங்கள் பள்ளத்தாக்கின் நீர்ப்பிடிப்பு முழுவதையும் பென்சிலால் சுற்றி வரையுங்கள். படுகையின் தலையிலிருந்து தொடங்கி, இருபுறமும் மேட்டின் முகடு வழியாக, ஒவ்வொரு கிளையோடையையும் உள்ளடக்கி வர வேண்டும். பலருக்கு இதைச் செய்தபின்தான் அதன் அளவு உறைக்கும். உதாரணமாக, பின்னால் வரும் பக்ஸ்கின் கல்ச் என்ற இடுக்கின் நீர்ப்பிடிப்பு வடக்கே பிரைஸ் கேன்யன் திசையில் நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் விரிகிறது.

2. வானிலை அறிக்கையை நடக்கும் இடத்துக்கு அல்ல, அந்தப் பென்சில் கோட்டுக்குள் உயரமான இடத்துக்குப் பாருங்கள். பக்கத்து ஊரின் பெயரைப் போட்டுத் தேடினால் வெயில் என்றுதான் காட்டும்.

3. தேசிய வானிலைச் சேவை தினமும் வெளியிடும் காட்டாற்று வாய்ப்பு நிலையைப் பாருங்கள். நான்கு நிலைகள்: எதிர்பார்ப்பில்லை, நேரலாம், நேர வாய்ப்பு அதிகம், நிச்சயம் எதிர்பார்க்கலாம். இரண்டாவது நிலையிலேயே நீளமான இடுக்குகளை விட்டுவிடுங்கள். அனுமதிச் சீட்டு கையில் இருப்பது பாதுகாப்புச் சான்று அல்ல. போவதும் போகாததும் உங்கள் பொறுப்பு என்று சீட்டு கொடுக்கும்போதே சொல்லிவிடுவார்கள்.

4. உள்ளே நுழைந்து முதல் நூறு மீட்டரில் தலைக்கு மேலே பாருங்கள். சுவருக்கும் சுவருக்கும் நடுவே மரத்தடி சிக்கியிருந்தால் அந்த உயரம் வரை நீர் வந்திருக்கிறது. விரிசல்களில் திணிந்த புல்லும் சுள்ளியும் அதே சாட்சி.

5. நடக்கும்போது கடைசியாகக் கண்ட மேட்டிடத்தை நினைவில் வைத்துக்கொண்டே போங்கள். புதிய மேடு கண்டால் பழையதை மறக்கலாம். பதினைந்து நிமிடமாக எதுவும் தென்படவில்லை என்றால் இப்போது நீங்கள் சூதாடுகிறீர்கள் என்று பொருள். நேரோஸில் ஆர்டர்வில் கிளைக்கு மேலே வரும் ‘வால் ஸ்ட்ரீட்’ அப்படிப்பட்ட இடம்.

வெள்ளத்தின் அறிகுறிகள் சில நேரம் சில நிமிடங்கள் அவகாசம் தரும். தெளிந்த நீர் கலங்கும், சுள்ளியும் நுரையும் மிதந்து வரும், மட்டம் விரலளவு ஏறும், மேலிருந்து குளிர்ந்த காற்று மண்வாசத்தோடு தள்ளும், பின்னால் ரயில் வருவது போன்ற உறுமல் கேட்கும். இவற்றில் ஒன்று போதும், ஏறிவிடுங்கள். ஓடி முந்தப் பார்க்காதீர்கள். மறுகரையில் இருக்கும் பையை எடுக்கக் கடக்காதீர்கள். இரண்டு மீட்டர் உயரம்தான் கிடைக்கிறதென்றாலும் ஏறுங்கள். அதுவும் இல்லையென்றால் துருத்திக்கொண்டிருக்கும் பாறை மூக்கின் கீழ்நீர்ப் பக்கம் ஒதுங்குங்கள், முதல் அலையின் அடியை அது தாங்கும். பிறகு நீர் வடியும் வரை, இரவானாலும், அசையாதீர்கள். முதல் அலைக்குப் பின் இரண்டாவது வருவதுண்டு, வேறு கிளையோடை தாமதமாக வந்து சேர்வதால்.

ஒரு நாள் நடை: வயர் பாஸ் வழியாக பக்ஸ்கின் கல்ச்

யூட்டா–அரிசோனா எல்லையில் ஓடும் பக்ஸ்கின் கல்ச், 20 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நவாஹோ இடுக்கு. உலகின் மிக நீளமான இடுக்குகளில் ஒன்றென்று இதைச் சொல்வார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வருபவருக்கு முழு நீளம் வேண்டாம். வயர் பாஸிலிருந்து போய்த் திரும்புவதே போதும், கற்றுக்கொள்வதற்கும் அதுவே சிறந்த இடம்.

யூ.எஸ்.89 நெடுஞ்சாலையிலிருந்து ஹவுஸ் ராக் வேலி மண்சாலையில் தெற்கே சுமார் 13 கி.மீ. வந்தால் நடை தொடங்கும் இடம். மழை வந்த அடுத்த நாள் இந்தச் சாலையில் போக வேண்டாம். பகல் நடைக்கும் சீட்டு வேண்டும், முன்பே எடுத்துவிடுங்கள், அங்கே கைப்பேசி சிக்னலை நம்ப முடியாது. இரவு தங்குவதற்கான சீட்டு ஒரு நாளைக்கு 20 பேருக்குத்தான். கழிவைப் பையில் கட்டி வெளியே கொண்டுவர வேண்டும், நெருப்பு மூட்டக் கூடாது.

கடிகாரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கோடையில் யூட்டா கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும், அரிசோனா மாற்றுவதில்லை, நவாஹோ பழங்குடிகளின் தன்னாட்சிப் பகுதியான நவாஹோ நேஷன் மாற்றுகிறது. கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரம் காட்டும். திரும்பும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஒன்றரை கிலோமீட்டர் திறந்த மணல் ஓடை. பிறகு சுவர்கள் நெருங்கும். பாறைகள் சிக்கிய ஓர் இறக்கம் வரும். வெள்ளம் மணலைக் கொட்டினால் இடுப்புயரம், அள்ளிப் போனால் ஆளுயரத்துக்கு மேல். இணையத்தில் போன மாதம் எழுதிய உயரம் இன்று பொருந்தாது. குதிக்காதீர்கள். பையை முதலில் இறக்கி, சுவரைப் பார்த்துத் திரும்பி, முதுகும் காலும் எதிரெதிர்ச் சுவரில் ஊன்றி இறங்குங்கள். ஏறித் திரும்ப முடியுமா என்று இறங்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

சுமார் 2.7 கி.மீ.யில் பக்ஸ்கினோடு சந்திப்பு. வலப்பக்கச் சுவரின் அடியில் மலையாடுகளைச் செதுக்கிய பழங்குடிச் செதுக்கல்கள் இருக்கின்றன. விரலில் உள்ள எண்ணெய் பாறையின் கருநிறப் படலத்தைக் கெடுக்கும், தொட வேண்டாம். களிமண்ணும் மாங்கனீசும் இரும்பும் சேர்ந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் படிந்த படலம் அது. அதைச் சுரண்டித்தான் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள்.

இங்கே நின்று திரும்பிப் பாருங்கள். கீழ்நோக்கிப் போகும்போது கிளைகள் வந்து சேரும், நீங்கள் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. திரும்பி மேல்நோக்கி வரும்போதுதான் ஒவ்வொரு சந்திப்பும் ஒரு கேள்வி. களைத்த மனிதர்கள் வயர் பாஸ் வாயைக் கவனிக்காமல் பக்ஸ்கினின் மேல்பகுதிக்குள் போய்விடுவதுண்டு. சந்திப்பைத் திரும்பிய கோணத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆழமான இடுக்கில் ஜி.பி.எஸ். சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறிப்பதால் புள்ளி நூறு மீட்டர் தள்ளிக் குதிக்கும்.

அங்கிருந்து கீழே எத்தனை தூரம் போவது என்பதைத் தண்ணீர்க் குட்டைகள்தான் முடிவுசெய்யும். வெயிலே படாத இடங்களில் பழைய வெள்ளநீர் மாதக்கணக்கில் நின்று நாறும். மேற்பரப்பு பார்த்து ஆழம் சொல்ல முடியாது, கோலால் தடவிக்கொண்டே போங்கள். இடுப்புக்கு மேல் என்றால் திரும்பலாம். வெளியே 35 டிகிரி வெயில் அடித்தாலும் உள்ளே நனைந்த உடம்பு அரைமணியில் நடுங்கும். பருத்தி உடை வேண்டாம். பரியா சந்திப்பு வரை முழுவதும் நடப்பவர்கள் கடைசிப் பகுதியில் வரும் பாறைக் குவியலில் பைகளை இறக்க 15 மீட்டர் கயிறு கொண்டுபோவார்கள். நடுவே வெளியேற ஒரே கடினமான வழிதான் உண்டு, முதல்முறை வருபவர் கண்ணில் அது படாது.

மணலில் மணிக்கு 2 முதல் 3 கி.மீ. வேகம் என்று கணக்கிடுங்கள். சமதரை வேகத்தை வைத்துத் திட்டமிட்டவர்கள் இருட்டில் வருவார்கள்.

பாறையிலும் மணலிலும் கால்

‘ஸ்லிக்ராக்’ (வழுக்குப் பாறை) என்று பெயர் இருந்தாலும் உலர்ந்த மணற்கல் வழுக்காது, உப்புத்தாள் போலப் பிடிக்கும். குதிரைகளின் இரும்பு லாடத்துக்குத்தான் அது வழுக்கியது. வழுக்குவது அதன் மேல் உதிர்ந்து கிடக்கும் மணல்மணிகள்தான். காலால் துடைத்துவிட்டு வையுங்கள். குதிகாலை மட்டும் ஊன்றாமல் முழுப் பாதத்தையும் பதித்து, முழங்கால் மடக்கி, உடம்பைச் சரிவை நோக்கிச் சாய்க்காமல் பாதத்துக்கு நேர்மேலே வையுங்கள். பயத்தில் பாறையை அணைக்கப் போகிறவருக்குத்தான் கால் சறுக்கும்.

ஏறுவது எளிது, இறங்குவது கடினம். சந்தேகமான சரிவில் மூன்று மீட்டர் ஏறி, அங்கிருந்து இறங்கிக் காட்டிவிட்டு, பிறகு தொடருங்கள். வரைபடத்தை இந்த விஷயத்தில் நம்பாதீர்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் (யூ.எஸ்.ஜி.எஸ்.) வரைபடங்கள் பலவற்றில் சமவுயரக் கோடுகளின் இடைவெளி 40 அடி. பத்து மீட்டர் செங்குத்து இறக்கம் ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே சுவடின்றி ஒளிந்துகொள்ளும்.

இடுக்கில் சிக்கி நிற்கும் பாறைகள் நிரந்தரமல்ல. 2003 ஏப்ரலில் யூட்டாவின் புளூ ஜான் கேன்யனில் ஏரன் ரால்ஸ்டன் என்ற மலையேற்றக்காரரின் கையை நசுக்கியது அவர் பிடித்து இறங்கிய பாறைதான். ஐந்து நாள் கழித்துக் கையை வெட்டிக்கொண்டுதான் வெளியே வந்தார். போகும் இடத்தை யாரிடமும் சொல்லிவைக்கவில்லை. சிக்கிய பாறையில் எடையைப் போடுமுன் தட்டிப் பாருங்கள், உங்களை நோக்கி இழுக்காமல் கீழ்நோக்கி மட்டும் அழுத்துங்கள். பள்ளத்தாக்கின் பெயர், நுழையும் இடம், வெளியேறும் இடம், உதவி தேட வேண்டிய நேரம் ஆகிய நான்கையும் எழுதி ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். செயற்கைக்கோள் கருவிக்கு வானம் தெரிய வேண்டும். இடுக்கின் அடியில் அது அடிக்கடி ஊமைதான்.

புதைமணல் ஆளை விழுங்காது, பிடித்துவைக்கும். வெள்ளம் வடிந்த ஓடையில் பளபளவென்று தட்டையாகத் தெரியும் ஈரமணல்தான் இடம். முழங்கால்வரை இறங்கினால் நேராக இழுக்காதீர்கள், காலுக்கடியில் உண்டாகும் வெற்றிடம் இன்னும் இறுக்கும். பின்புறமாகச் சாய்ந்து உட்கார்ந்து, காலைச் சிறு வட்டமாக ஆட்டுங்கள். நீர் உள்ளே இறங்க இறங்க மணல் தளரும். ஒரு கால் வந்ததும் மண்டியிட்டு நகருங்கள். குளிர்காலத்தில் இதே பிடி உயிராபத்து, நீரின் குளிரால்.

பாதைக்கு வெளியே கருப்பாகக் குமிழ்குமிழாக உள்ள மண்மேல் நடக்காதீர்கள். சயனோபாக்டீரியா இழைகள் மணலைக் கட்டிப் பிடித்த உயிருள்ள தோல் அது, ஒரு மிதி ஆற ஆண்டுகள் ஆகும். பாறை, ஓடைமணல், ஏற்கனவே உள்ள பாதை, இந்த மூன்றில் மட்டும் கால் வையுங்கள். நவாஹோவிலிருந்து உதிர்ந்து குவிந்திருக்கும் இரும்புருண்டைகளையும் பையில் போடாதீர்கள், தேசியப் பூங்காவுக்குள் அது சட்டப்படி குற்றம்.

மழை நின்றதும் பாறைமேல் ஏற ஆசை வரும், கல் காய்ந்தது போலவே தெரியும். உள்ளே ஊறிய நீர் மணிகளை ஒட்டிய பசையைத் தளர்த்தியிருக்கும். நேற்று எடை தாங்கிய விளிம்பு இன்று கையோடு வரும். சுவரின் அடியில் மண்ணைக் கையால் தோண்டிப் பாருங்கள். விரலளவு ஆழத்தில் ஈரம் இருந்தால் பாறைக்குள்ளும் ஈரம்தான். வெயிலும் காற்றும் இருந்தால் ஒரு நாள், நிழலும் குளிரும் என்றால் மூன்று நாள்கூடப் பிடிக்கும். அதுவரை ஓடைமணல் வழியாகப் போகும் நடைகளை வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் மேலே இன்னொரு மழை இல்லாத நாளில்.